அமெரிக்காவில் மனநல நர்ஸ் பிராக்டிஷனர் ஆவது எப்படி? விண்ணப்பத்திலிருந்து முதல் வேலை வரை

"வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?"

இந்த ஒரு கேள்வியை என் வாயிலிருந்து வரவழைக்க என் பிரிசெப்டருக்கு, அதாவது பயிற்சிக் காலத்தில் என்னைப் பக்கத்தில் வைத்துக் கற்றுத்தந்தவருக்கு, மூன்று வாரம் பிடித்தது. அன்று எதிரே உட்கார்ந்திருந்தவர் அறுபதைத் தாண்டிய விவசாயி. மனைவி இறந்து நான்கு மாதம். தூக்கம், பசி, எடை எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டுவிட்டு நான் நோட்டை மூடினேன். மூலையில் இருந்த பிரிசெப்டர், வயலில் மழை பெய்ததா என்று விசாரிக்கிற குரலில் அந்தக் கேள்வியைக் கேட்டார். "இரண்டு இருக்கிறது, கட்டிலுக்கு அடியில்" என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல். அடுத்த இருபது நிமிடமும் பேச்சு அந்த இரண்டைப் பற்றித்தான். அன்று மாலைக்குள் அவருடைய தம்பி வந்து இரண்டையும் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

அமெரிக்காவில் தற்கொலையால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் துப்பாக்கியால் இறக்கிறார்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் படித்தபோது, "வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா?" என்று கேட்க எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதையும் இதையும் ஒன்றென்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. "அக்கா, எந்த யூனிவர்சிட்டியில் சேரலாம்?" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "அங்கே சேர்ந்தால் உன்னை யார் பக்கத்தில் உட்கார வைப்பார்கள்?" என்பதைத்தான். பாடத்தைப் புத்தகத்திலிருந்தும் காணொளியிலிருந்தும் யாரும் படித்துக்கொள்ளலாம். மனநல நர்ஸ் பிராக்டிஷனர் உருவாவது நோயாளிக்கு எதிரே, பிரிசெப்டரின் பார்வையில் கழிகிற நேரத்தில். கீழே சொல்லும் எல்லாப் படிகளையும் அந்த நேரத்தை நல்லபடியாகப் பெறுவதற்கான ஏற்பாடு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இது என்ன வேலை

நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் முதுநிலை அல்லது முனைவர் நிலையில் படித்து, நோயைக் கண்டறியவும் மருந்து எழுதவும் உரிமம் பெற்ற செவிலியர். இந்தப் பதவி 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. செவிலியர் லொரேட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் சேர்ந்து தொடங்கினார்கள். மனநலச் செவிலியத்தின் முதுநிலைப் படிப்பு அதற்கும் மூத்தது. 1946-ல் வந்த தேசிய மனநலச் சட்டம் பயிற்சிக்குப் பணம் தந்தது. 1950-களில் ஹில்டகார்ட் பெப்லாவ் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநலச் செவிலிய நிபுணர்களை உருவாக்கத் தொடங்கினார். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சைக் கருவி என்று சொன்னவர் அவர். பி.எஸ்சி. மனநலப் பாடத்தில் மனப்பாடம் செய்த அந்தப் பெயரை இங்கே வந்த பிறகுதான் நான் உண்மையில் படித்தேன்.

இந்தியாவில் இதற்குச் சரியான இணை இல்லை. எம்.எஸ்சி. மனநலச் செவிலியம் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்சில் பல பத்தாண்டுகளாகச் சிறப்புப் பயிற்சி நடக்கிறது. தீவிர சிகிச்சைக்கு நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பும் வந்துவிட்டது. ஆனால் மனநலத்தில் தானே நோயறிந்து தானே மருந்து எழுதும் செவிலியர் பதவி அங்கே இல்லை. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் அமெரிக்காவைப் பற்றியது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பயிற்சி வயது வரம்பில்லாதது. முன்பு பெரியவர்களுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று எனத் தனித்தனிச் சான்றுகள் இருந்தன. இப்போது ஆறு வயதுச் சிறுவனையும் எண்பது வயதுப் பாட்டியையும் பார்க்க ஒரே சான்றுதான். "எனக்குக் குழந்தைகள் வேண்டாம்" என்று வேலையில் சொல்லலாம், படிக்கும்போது சொல்ல முடியாது.

முதல் படி: ஆர்.என். உரிமம்

பதிவுபெற்ற செவிலியர் உரிமம் இல்லாமல் இந்தப் படிப்பின் வாசலைத் தாண்ட முடியாது. வேறு துறையில் பட்டம் பெற்றவர்களை எடுத்து முதலில் ஆர்.என். ஆக்கி, அப்படியே முதுநிலைக்கு அனுப்பும் நேரடித் திட்டங்கள் யேல் போன்ற சில இடங்களில் உண்டு. நம்மவர்கள் பெரும்பாலும் செவிலியராகவே வருவதால் அதை விட்டுவிடுகிறேன்.

இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர் எந்த மாநிலத்தில் உரிமம் வேண்டுமோ அந்த மாநிலச் செவிலியர் வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாடவாரியான மதிப்பெண் விவரம் கல்லூரியிலிருந்தும் கிண்டியில் உள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்தும் முத்திரையிட்ட உறையில் போக வேண்டியிருக்கும். பதிவுச் சரிபார்ப்பு தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலிலிருந்து போக வேண்டும். ஊரில் இருக்கும்போதே இந்த வேலையை முடியுங்கள். கடல் தாண்டிய பிறகு ஒரு முத்திரைக்காகச் சித்தப்பாவை ஆறு முறை கிண்டிக்கு அலையவிட்ட கதை என்னுடையது.

அடுத்து ஆர்.என். உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு. 2023 ஏப்ரல் முதல் புது வடிவம்: குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, எழுத 5 மணி நேரம். இந்தியாவிலேயே எழுதலாம்.

மூன்றாண்டு டிப்ளமா முடித்தவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது. ஆர்.என். உரிமம் கிடைத்தாலும் முதுநிலையில் சேர இளநிலைப் பட்டத்துக்கு நிகரான தகுதியைக் கேட்பார்கள். ஆர்.என். இலிருந்து செவிலிய இளநிலைப் பட்டமான பி.எஸ்.என். போகும் இணைப்புப் படிப்பையோ, நேரே முதுநிலைக்கு ஏற்றிவிடும் படிப்பையோ தேட வேண்டும்.

விசா விஷயத்தில் நம்மவர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர் முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்பில் சேர முடியாது. ஒரு பருவத்தில் ஒரே ஓர் ஆன்லைன் பாடம்தான் முழுநேரக் கணக்கில் சேரும். இந்தத் துறையில் பல செவிலியப் பள்ளிகள் ஆன்லைனைத்தான் விளம்பரம் செய்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். இரண்டாவது, கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் நம் பெண்கள் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் வேலை அனுமதி அட்டை வரும்வரை சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. பள்ளியோ ஓராண்டு ஆர்.என். அனுபவம் கேட்கும். இந்த முடிச்சில் சிக்கி மூன்று வருடம் சும்மா இருந்த தோழிகள் எனக்கு உண்டு. அனுபவம் கேட்காத, அல்லது இந்திய அனுபவத்தை ஏற்கும் பள்ளிகளைத் தேடிப் பிடிப்பதுதான் வழி. மூன்றாவது, சாதாரண ஆர்.என். வேலைக்கு எச்-1பி கிடைப்பது அரிது. முதுநிலைப் பட்டம் கட்டாயமான நர்ஸ் பிராக்டிஷனர் வேலைக்கு அந்தக் கதவு திறக்கும். படிப்புச் செலவைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எந்தப் பட்டம்

செவிலிய முதுநிலைப் பட்டமான எம்.எஸ்.என். முழுநேரமாகப் படித்தால் ஏறக்குறைய 2 ஆண்டு, பகுதிநேரமாக 3. டி.என்.பி. எனப்படும் செவிலியத் தொழில்முறை முனைவர் பட்டம், இளநிலையிலிருந்து நேரே போனால் 3 முதல் 4 ஆண்டு. ஏற்கெனவே குடும்பநல நர்ஸ் பிராக்டிஷனராகவோ வேறு பிரிவிலோ முதுநிலை முடித்தவர்களுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் முடியும் முதுநிலைக்குப் பிந்தைய சான்றிதழ் இருக்கிறது.

டி.என்.பி. கட்டாயமா என்ற கேள்வி 2004 முதல் ஓடுகிறது. அந்த ஆண்டில் அமெரிக்கச் செவிலியக் கல்லூரிகள் சங்கம், 2015-க்குள் எல்லாரும் முனைவர் நிலைக்குப் போக வேண்டும் என்று தீர்மானித்தது. 2015 வந்தது, போனது. பிறகு நர்ஸ் பிராக்டிஷனர் பேராசிரியர்கள் அமைப்பு 2025 என்று இலக்கை நகர்த்தியது. இன்றும் எம்.எஸ்.என். முடித்துத் தேர்வெழுதி வேலைக்குப் போகலாம். கற்பிக்கவோ நிர்வாகத்துக்குப் போகவோ ஆசையிருந்தால் டி.என்.பி. படியுங்கள். நோயாளியைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் எம்.எஸ்.என். போதும், மிச்சப் பணத்தை நல்ல உளச்சிகிச்சைப் பயிற்சியில் போடுங்கள் என்பது என் கட்சி. என் பேராசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இந்தியாவில் எம்.எஸ்சி. மனநலச் செவிலியம் முடித்தவர்கள், "எனக்குச் சான்றிதழ் படிப்பு போதுமே" என்று நினைப்பது இயல்பு. சில பள்ளிகள் ஏற்கும், பல ஏற்காது. ஏற்கும் இடத்திலும் நீங்கள் படித்ததையும் அவர்கள் கேட்பதையும் வரிவரியாக ஒப்பிட்டு, குறைகிற பாடங்களைச் சேர்த்துவிடுவார்கள். உயர்நிலை மருந்தியல் அந்தப் பட்டியலில் நிச்சயம் இருக்கும்.

மூன்றாம் படி: பள்ளியைத் தேர்ந்தெடுப்பது

செவிலியப் படிப்புகளைத் தணிக்கை செய்யும் சி.சி.என்.இ., ஏ.சி.இ.என்., சி.என்.இ.ஏ. ஆகிய மூன்று அமைப்புகளில் ஒன்றின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள், சான்றுத் தேர்வே எழுத முடியாமல் போகும். ஆன்லைன் பள்ளியென்றால் நீங்கள் வசிக்கும் மாநிலத்தில் மாணவர்களைச் சேர்க்க அதற்கு அனுமதி இருக்க வேண்டும். எல்லாப் பள்ளிக்கும் எல்லா மாநிலத்திலும் அனுமதி இருப்பதில்லை.

வாண்டர்பில்ட், யேல், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகம் எனப் பெயர் பெற்ற இடங்கள் உண்டு. ஆன்லைனுக்குக் கென்டக்கியின் ஃபிரான்டியர் செவிலியப் பல்கலைக்கழகம் வெகுகாலமாகத் தெரிந்த பெயர். பட்டியல்களில் எண்ணைப் பார்ப்பதைவிட, சேர்க்கை அலுவலரைத் தொலைபேசியில் பிடித்து ஒரு கேள்வி கேளுங்கள்: "பிரிசெப்டரை நீங்கள் தருகிறீர்களா, நான் தேட வேண்டுமா?"

"நாங்கள் உதவுகிறோம்" என்று பதில் வந்தால், "சென்ற ஆண்டு உங்கள் மாணவர்களில் எத்தனை பேருக்கு நீங்களே இடம் பிடித்துக் கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். எதிர்முனையில் தொண்டையைக் கனைத்தால் புரிந்துகொள்ளுங்கள். நான் படித்த இடத்தின் பெயர் எதற்கு? "உதவுகிறோம்" என்றுதான் சொன்னார்கள். உதவி என்று வந்தது ஒரு எக்செல் கோப்பு. அதில் இருந்த மருத்துவர்களில் இருவர் ஓய்வு பெற்றிருந்தார்கள், ஒருவர் காலமாகியிருந்தார்.

பணம் வாங்கிக்கொண்டு பிரிசெப்டரைப் பிடித்துத்தரும் நிறுவனங்கள் இப்போது நிறைய. அந்தச் செலவு கல்விக் கட்டணத்தில் தெரியாது. இடம் தரும் பள்ளியின் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் கடைசிக் கணக்கில் அதுவே மலிவாகிவிடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: விண்ணப்பம்

நான்கில் 3.0 சராசரி, ஆர்.என். அனுபவம், இரண்டு மூன்று பரிந்துரைக் கடிதம், நோக்கக் கட்டுரை. இந்திய மதிப்பெண்ணை டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனம் வழியாக மதிப்பிட்டு அனுப்ப வேண்டும். டோஃபெல் ஆங்கிலத் தேர்வு கேட்பார்கள், ஆங்கில வழியில் படித்தவருக்குச் சில இடங்கள் விலக்கு தரும்.

கட்டுரையில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். "சிறு வயது முதலே பிறருக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற எண்ணம்" என்று தொடங்கும் கட்டுரையை அவர்கள் தினமும் ஐம்பது படிக்கிறார்கள். ஒரு நோயாளியை எழுதுங்கள். பெயரும் ஊரும் வேண்டாம். அவர் சொன்னது, நீங்கள் செய்தது, செய்யத் தெரியாமல் விட்டது, இந்த மூன்றும் போதும். நான் எழுதியது, அறுவைசிகிச்சைக்குப் பின் இரவெல்லாம் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று சொன்ன முதியவரைப் பற்றி. குழப்பநிலையா குடி நிறுத்தியதன் விளைவா என்று அப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதையே எழுதினேன்.

அனுபவம் மனநலப் பிரிவில்தான் இருக்க வேண்டுமென்று பெரும்பாலும் கட்டாயமில்லை. ஆனாலும் ஓராண்டாவது மனநல வார்டில் வேலை செய்துவிட்டு வாருங்கள். கையை முறுக்கிக்கொண்டு வரும் ஒருவர் முன்னால் குரலைத் தாழ்த்திப் பேசுவதை எந்த வகுப்பும் கற்றுத்தராது.

ஐந்தாம் படி: பாடங்கள்

முதல் ஆண்டில் மூன்று தூண்கள்: உயர்நிலை உடலியல்-நோயியல், உயர்நிலை உடற்பரிசோதனை, உயர்நிலை மருந்தியல். சான்றுத் தேர்வுக்கு இந்த மூன்றும் தனித்தனிப் பாடங்களாகக் கட்டாயம். மனநலம் படிக்க வந்தவருக்கு இதயத்தின் முணுமுணுப்புச் சத்தம் எதற்கு என்று தோன்றும். மனச்சோர்வு என்று வருபவருக்குத் தைராய்டு குறைவாக இருக்கும், படபடப்பு என்று வருபவருக்கு ரத்தசோகை இருக்கும், திடீரென்று ஆள் மாறிப்போன பாட்டிக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கும். அதற்காகத்தான்.

பிறகு நரம்பியல், நோயறிதல், மனநல மருந்தியல், தனிநபர், குழு, குடும்ப உளச்சிகிச்சை, குழந்தைகள், முதியோர், போதைப்பழக்கம். நோயறிதலுக்கு 2022-ல் வந்த டி.எஸ்.எம்-5-டி.ஆர். கையேடு. மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு நோய்க்கும் 'இது இல்லையென்றால் வேறு என்ன' என்று மூன்று எழுதிப் பழகுங்கள். பரீட்சையும் கிளினிக்கும் அதைத்தான் கேட்கின்றன. மனச்சோர்வு என்று வரும் இருபத்திரண்டு வயதுப் பையனிடம், "தூக்கமே இல்லாமல், ஆனாலும் களைப்பே இல்லாமல், நாலைந்து நாள் ஓடியிருக்கிறாயா?" என்று கேட்காமல் மனச்சோர்வு மருந்தை மட்டும் எழுதினால், இருமுனைக் கோளாறு இருக்கும் ஒருவனை நீங்களே பித்துநிலைக்குத் தள்ளிவிடலாம்.

மருந்தியலில் ஒன்றிரண்டைக் கிட்டப் பார்ப்போம்.

இருமுனைக் கோளாறுக்கு லமோட்ரிஜின் நல்ல மருந்து, அவசரப்படுத்தினால் பொல்லாத மருந்து. முதல் இரண்டு வாரம் தினம் 25 மி.கி., அடுத்த இரண்டு வாரம் 50. நோயாளி வால்ப்ரோயேட் என்ற மருந்தும் எடுத்தால் இதில் பாதி வேகம், முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 25. வேகமாக ஏற்றினால் தோல் உரிந்து உயிரையே எடுக்கக்கூடிய ஸ்டீவன்ஸ்-ஜான்சன் தடிப்பு வரும் அபாயம் கூடும். ஊருக்குப் போய் ஒரு வாரம் மாத்திரையை மறந்துவிட்டு வந்தவர் பழைய அளவிலிருந்து தொடரக் கூடாது, மறுபடி 25-லிருந்துதான். "ஒரு வாரம்தானே" என்று அவர்கள் சொல்வார்கள்.

அதே கோளாறுக்குத் தரும் லித்தியத்தை நான் புத்தகத்தில் படித்துத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினேன். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிஈக்விவலென்ட் வரை இருக்கலாம். இபுப்ரோஃபென் வகை வலி நிவாரணி, சில ரத்த அழுத்த மாத்திரைகள், நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள் அளவைக் கூட்டிவிடும். எல்லாம் தெரியும். பயிற்சியின் இரண்டாம் பருவத்தில் ஒரு பெண்மணி வந்தார். பதினைந்து வருடமாக ஒரே அளவு லித்தியம், ஒரு தொந்தரவும் இல்லாதவர். அன்று கை நடுங்கியது, நடை தள்ளாடியது, குமட்டல். கூட வந்த மகள் பக்கவாதமோ என்று பயந்திருந்தாள். பதற்றம் கூடியிருக்கிறது, இன்னொரு மாத்திரை சேர்க்கலாம் என்று நான் முடிவுக்கே வந்துவிட்டேன். பிரிசெப்டர் அவரிடம் கேட்டார்: "முழங்கால் எப்படி இருக்கிறது?" நாற்காலியில் உட்காரும்போது அவர் முகம் சுளித்ததை நான் பார்க்கவே இல்லை. மூன்று வாரமாக மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய இபுப்ரோஃபெனைத் தினம் மூன்று வேளை போட்டுக்கொண்டிருந்தார். அவசர சிகிச்சைக்கு அனுப்பினோம். ரத்தத்தில் லித்தியம் 1.9.

முழு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு நான் அந்த முழங்காலைப் பார்க்கவில்லை.

ஆறாம் படி: கிளினிக்கல் நேரம்

2022-ல் திருத்தப்பட்ட தேசியத் தரநிலைகளின்படி நர்ஸ் பிராக்டிஷனர் மாணவர் குறைந்தது 750 மணி நேரம் நோயாளிகளுக்கு நேரடியாகச் சிகிச்சை தரும் பயிற்சி பெற வேண்டும். சான்று வழங்கும் ஏ.என்.சி.சி. அமைப்பு கேட்பது 500. டி.என்.பி. படிப்பவர்களுக்கு இளநிலைக்குப் பின் மொத்தம் 1000 மணி நேரப் பயிற்சி. மருத்துவர்களின் மனநலச் சிறப்புப் பயிற்சியான ரெசிடென்சி நான்கு ஆண்டு என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்களை விமர்சிப்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. 750 மணி குறைவு. அதனால்தான் அதில் ஒரு மணியைக்கூட வீணடிக்கக் கூடாது என்கிறேன்.

இடம் தேடுவதைப் பயிற்சி தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே ஆரம்பியுங்கள். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் இடையில் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஒரே இடத்தில் எல்லா மணியையும் முடிப்பது வசதி, ஆனால் முடிக்காதீர்கள். புறநோயாளிக் கிளினிக் ஒன்று, உள்நோயாளி வார்டு ஒன்று, குழந்தைகள் இடம் ஒன்று, போதை மீட்பு ஒன்று எனக் கலந்து வாங்குங்கள். திரை வழியாக மட்டுமே நோயாளியைப் பார்த்து முடித்த மாணவர்கள் என்னிடம் வேலைக்கு வந்திருக்கிறார்கள். நோயாளி அறைக்குள் நுழையும் நடையை அவர்கள் பார்த்ததே இல்லை. மருந்தால் வரும் விறைப்பு நடையில்தான் முதலில் தெரியும்.

முதல் நாள் பிரிசெப்டரிடம், "நான் எப்போது தனியாகக் கேள்வி கேட்கலாம்?" என்று கேளுங்கள். ஒரு பருவம் முழுக்க மூலையில் உட்கார்ந்து பார்த்ததையெல்லாம் மணிக்கணக்கில் சேர்த்துக்கொண்ட மாணவர்கள் உண்டு. இரண்டாம் வாரம் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும், மூன்றாம் மாதம் நீங்களே சிகிச்சைத் திட்டம் சொல்ல வேண்டும், அவர் திருத்த வேண்டும். நோயாளி போன பிறகு ஐந்து நிமிடம், "நான் விட்டது என்ன?" என்று கேட்டுவிட்டு எழுதி வையுங்கள். என்னுடைய அந்தச் சிறிய நோட்டு இன்னும் இருக்கிறது. முதல் பக்கத்தில் "துப்பாக்கி" என்றும் பதினோராம் பக்கத்தில் "முழங்கால்" என்றும் இருக்கும்.

முதல் சந்திப்புக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் கிடைக்கும், தொடர் சந்திப்புக்கு 15 முதல் 30 நிமிடம். நம்மவர்களுக்கு இங்கே இரண்டு தடுமாற்றம். ஒன்று, மௌனம். நோயாளி பேச்சை நிறுத்தினால் மரியாதைக்காகவோ பதற்றத்திலோ நாம் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறோம். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். எட்டாவது எண்ணில் அவர் சொல்வதுதான் அவர் சொல்ல வந்தது. இரண்டு, தற்கொலையைப் பற்றி நேராகக் கேட்பது. சுற்றிவளைத்து, "தப்பான எண்ணம் ஏதாவது…" என்று இழுக்காதீர்கள். "சாக வேண்டும் என்று நினைத்தீர்களா? எப்படி என்று யோசித்தீர்களா? அதற்கான பொருள் கையில் இருக்கிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலர் கேட்க ஒருவர் வந்தாரே என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 போன்ற கேள்வித்தாள்களைப் பயன்படுத்துங்கள், நம்பி மட்டும் இருக்காதீர்கள். மகனைப் பார்க்க வந்து ஆறு மாதமாகத் தங்கியிருந்த தமிழ் அம்மா ஒருவர் ஒன்பது கேள்விக்கும் "இல்லை" என்று குறித்திருந்தார். மொத்தம் பூஜ்யம். தமிழில் பேச ஆள் கிடைத்ததும், "வயிற்றில் என்னமோ பிசைகிறது கண்ணு, விடியவிடியக் கண்ணு மூடவில்லை, சோறு இறங்கவில்லை, பகலெல்லாம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு…" என்றார். 'வருத்தம்' என்ற சொல்லை அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கவனியுங்கள், மகனை மொழிபெயர்க்க வைத்திருந்தால் அந்தச் சுவர் வெளியே வந்திருக்காது. குடும்பத்தாரை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள், மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள்.

உளச்சிகிச்சையில் குறைந்தது இரண்டு முறைகளில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது சான்றுக்கான விதி. பல மாணவர்கள் இதைக் கண்துடைப்பாக முடித்துக்கொண்டு மருந்துக்குத் தாவுகிறார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் ஊக்கமூட்டும் நேர்காணலையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். இருபது நிமிடச் சந்திப்பிலும் பின்னது வேலை செய்யும், குறிப்பாகக் குடியை விட நினைத்தும் விட முடியாதவர்களிடம்.

சட்டத்தையும் இங்கேதான் கற்பீர்கள். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக 72 மணி நேரம் வைத்துப் பார்க்கும் விதி கலிஃபோர்னியாவில் 5150 என்றும் ஃபுளோரிடாவில் பேக்கர் சட்டம் என்றும் வழங்கும். நோயாளி இன்னொருவரைக் கொல்லப்போவதாகச் சொன்னால் அந்த இன்னொருவரைக் காக்கும் கடமை, 1976-ல் கலிஃபோர்னியாவில் வந்த டாரசாஃப் தீர்ப்பிலிருந்து கிளைத்தது. மாநிலத்துக்கு மாநிலம் இதன் வடிவம் மாறும். உங்கள் மாநிலத்தின் விதியை முதல் வாரமே படித்துவிடுங்கள், நடுராத்திரி வார்டில் நின்றுகொண்டு தேட முடியாது.

ஏழாம் படி: சான்றுத் தேர்வு

ஏ.என்.சி.சி. தேர்வு கணினியில். மதிப்பெண்ணை 500-க்கு மாற்றிக் கணக்கிடுவார்கள், தேர்ச்சிக்கு 350. தேர்வு முடிந்த கையோடு முடிவு தெரிந்துவிடும். படிப்பு முடிந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் எழுதிவிடுங்கள். தள்ளிப்போட்டவர்கள் இருமடங்கு படிக்க வேண்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தயாரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: கேள்வி வங்கி ஒன்று, தினம் ஐம்பது கேள்வி, தவறிய கேள்விக்கான காரணம் ஒரு வரி.

எட்டாம் படி: உரிமமும் மாநிலமும்

சான்று கிடைத்த மறுநாளே மருந்து எழுதிவிட முடியாது. மாநிலத்தின் உயர்நிலைச் செவிலியர் உரிமம், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு மத்திய அரசின் டி.இ.ஏ. பதிவு, காப்பீட்டு நிறுவனங்களின் பட்டியலில் பெயர் ஏறுவது என்று வரிசை இருக்கிறது. கடைசியது மட்டும் மூன்று நான்கு மாதம் இழுக்கும். டி.இ.ஏ. பதிவுக்கு 2023 ஜூன் முதல் போதைப்பழக்கச் சிகிச்சை பற்றிய 8 மணி நேரப் பயிற்சி தேவை. ஓபியாய்டு (அபின் வகை மருந்துகள்) அடிமைத்தனத்துக்கான புப்ரெனார்ஃபினை எழுத முன்பு தனி அனுமதி வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் அதை எடுத்துவிட்டது.

எங்கே வேலை செய்யப்போகிறீர்கள் என்பது உங்கள் அதிகாரத்தைத் தீர்மானிக்கும். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் மருத்துவரின் ஒப்பந்தம் இல்லாமல் இயங்கலாம். சிலவற்றில் குறிப்பிட்ட காலம் மருத்துவரோடு வேலை செய்த பிறகு. நியூயார்க்கில் அது 3,600 மணி நேரம். டெக்சாஸ் எதிர்முனை: மருத்துவரோடு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதோடு கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரும் ஊக்க மருந்துகள் போன்ற இரண்டாம் அட்டவணை மருந்துகளைப் புறநோயாளிக் கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனர் எழுத முடியாது. டாலஸிலும் ஹூஸ்டனிலும் வீடு வாங்கிவிட்டு, குழந்தைகளுக்கான கிளினிக் கனவோடு படிக்க வருபவர்கள் இதைக் கட்டணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ளட்டும்.

ஒன்பதாம் படி: முதல் வேலை

முதல் வேலையில் சம்பளத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், கடன் இருக்கும். ஆனால் நேர்காணலில் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை நோயாளி, முதல் ஆறு மாதம் வாரம் ஒருமுறை யாரோடு என் நோயாளிகளைப் பற்றிப் பேசலாம், அவசரத்தில் பத்து நிமிடத்துக்குள் யாரைக் கூப்பிடுவது. "நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும், உங்களுக்கு முழுச் சுதந்திரம்" என்று புதிதாக வந்தவரிடம் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஒரு தோழி வீட்டிலிருந்தபடியே கணினியில் பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். முதல் வாரமே நாளுக்கு இருபத்தெட்டு பேர். மூன்றாம் மாதம் மனநல வார்டு ஆர்.என். வேலைக்கே திரும்பிப் போனாள்.

ஓராண்டு ரெசிடென்சித் திட்டங்கள் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள். பற்றாக்குறைப் பகுதிகளில் வேலை செய்தால் கல்விக் கடனில் பெரும்பகுதியை மத்திய அரசே அடைக்கும் திட்டங்களும் உண்டு, அவற்றில் சேரும் முன் உங்கள் குடியேற்ற நிலைக்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

சான்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 75 மணி தொடர்கல்வி, அதில் 25 மருந்தியல், அதோடு கூடுதலாக ஒரு தொழில்முறைப் பணி. மாணவர்களுக்குப் பிரிசெப்டராக இருப்பதும் அந்தப் பணியாகக் கணக்கில் சேரும். நான் அந்த வழியில்தான் புதுப்பித்தேன். இப்போது என் அறையின் மூலையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், மதுரைக்காரி, இரண்டாம் வாரம். நாளை காலை ஒன்பது மணி நோயாளியிடம் அவள்தான் கேள்வி கேட்கப்போகிறாள்.